படலை எது, பொட்டு எது: ஆர்பிஜி புரொசீஜர் யார் கண்ணில் படும்?

போன கிழமை இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி எடுத்தான். கம்பஸில் ஜாவா படித்தவன். இப்போது வெளிநாட்டு வேலையொன்றுக்காக வீட்டிலிருந்தே ஐபிஎம் ஐ என்ற வணிகக் கணினி இயங்குதளத்தையும் அதில் எழுதும் ஆர்பிஜி மொழியையும் பழகுகிறான்.

"அண்ணை, கொம்பைல் பிழையில்லாமப் போகுது. புரோகிராமாக் கட்டேக்க மட்டும் புரொசீஜரைக் காணேல்லை எண்டு சொல்லுது. கண்ணுக்கு முன்னால கிடக்கு, அதைக் காணேல்லையாம்."

"பிழைச்செய்தியின்ர முதல் மூண்டு எழுத்தை வாசி."

"சி, பி, டி."

"அப்ப கதைக்கிறது கொம்பைலர் இல்லை, பைண்டர். எக்ஸ்போர்ட் போட்டனியோ?"

அவன் போடவில்லை. ஒரு சொல்லுக்காக மூன்று மணித்தியாலம் போயிருந்தது. நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் இடறினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இடறுகிற இடம் என்பதால் படிப்படியாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு புரொசீஜர், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் கோட் துண்டு, தெரிகிறதா இல்லையா என்பதை மூன்று பேர் மூன்று வேளையில் பார்க்கிறார்கள். கொம்பைலர் பெயரையும் பார்க்கும், பராமீற்றர்களின் உருவத்தையும் பார்க்கும். ஆனால் அதன் பார்வை அப்போது கையில் இருக்கும் ஒரு மொடியூலை, அதாவது ஒரு சோர்ஸ் துண்டை, தாண்டாது. மொடியூல்களை ஒன்றாகக் கட்டுகிற பைண்டர் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும். ஆனால் அதற்குப் பெயர் மட்டும்தான் தெரியும். புரோகிராம் ஓடும்போது, பொதுப் புரொசீஜர்களின் கிடங்கான சேர்விஸ் புரோகிராமைத் தேடிப் போகிற இயந்திரத்துக்குப் பெயரும் தேவையில்லை. ஒரு கையொப்பமும், எத்தனையாவது புரொசீஜர் என்ற இலக்கமும் போதும். செய்தி ஆர்என்எஃப் என்று தொடங்கினால் முதலாமவர், சிபிடி அல்லது சிபிஎஃப் என்றால் பெரும்பாலும் இரண்டாமவர், எம்சிஎச் என்றால் மூன்றாமவர். யார் கதைக்கிறார் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்க முன்

கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோல் எழுதுகிறேன். திரையில் அடிக்கும்போது அவை சுருங்கும். இந்த இயந்திரத்தில் கட்டளைப் பெயர்கள் பெரும்பாலும் மும்மூன்று எழுத்துத் துண்டுகள்: கிரியேட் என்பது சி, ஆர், டி. டிஸ்ப்ளே என்பது டி, எஸ், பி. அப்டேட் என்பது யூ, பி, டி. பவுண்ட், பைண்டிங் இரண்டுக்கும் பி, என், டி. பெயரை அடித்து எஃப்4 அழுத்தினால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் எல்லாம் வரும். நான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எஃப்4 இல்லாமல் ஒரு கட்டளையும் அடிப்பதில்லை.

பழக இயந்திரம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பப்400 என்ற பொதுச் சேவையகத்தில் இலவசமாகக் கணக்குத் திறக்கலாம். விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஐபிஎம் ஐக்கான நீட்சியைப் போட்டால் சோர்ஸை அதிலேயே எழுதலாம். பச்சைத் திரைக்கு, அதாவது எழுத்து மட்டும் வரும் பழைய திரைக்கு, மிகக் கொஞ்ச டேட்டா போதும். மழைக்காலத்தில் இணைப்பு இழுபடும்போதும் அது ஓடும்.

சாமான்கள் மூன்று

சோர்ஸைக் கிரியேட் ஆர்பிஜி மொடியூல் கட்டளையால் கொம்பைல் செய்தால் கிடைப்பது மொடியூல். அதை நேரே ஓட்ட முடியாது. ஒன்றோ பலவோ மொடியூல்களைக் கிரியேட் புரோகிராம் கட்டளையால் கட்டினால் ஓடக்கூடிய புரோகிராம் கிடைக்கும். கிரியேட் சேர்விஸ் புரோகிராமால் கட்டினால் சேர்விஸ் புரோகிராம். அது தானாக ஓடாது, மற்றப் புரோகிராம்கள் வந்து எடுத்துப் பாவிக்கும் புரொசீஜர்களின் கிடங்கு அது. இந்த அமைப்புக்கு ஐஎல்இ என்று பெயர். ஆர்பிஜி 4 உடன் 1994 இல் இந்த மொழிக்கு வந்தது.

கிரியேட் பவுண்ட் ஆர்பிஜி என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. மொடியூல் செய்வதையும் கட்டுவதையும் ஒரேயடியாக முடித்து, இடையில் செய்த மொடியூலை அழித்தும் விடும். வசதிதான். ஆனால் அதன் இயல்பான அமைப்பில் டீஃபோல்ட் அக்டிவேஷன் குரூப் 'யெஸ்' என்று இருக்கும், அப்படி இருந்தால் உங்கள் புரொசீஜர்களில் எதையும் அந்தக் கட்டளை ஏற்காது. அதை 'நோ' ஆக்குங்கள். அந்தச் சொல்லைச் சோர்ஸின் தொடக்கத்தில் வரும் கன்ட்ரோல் வரியிலேயே எழுதினால், அதே சோர்ஸை மொடியூலாகக் கொம்பைல் செய்யும்போது பிழை என்று நிற்கும். அதனால் பழகுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இரண்டு படியாகச் செய்வது நல்லது. ஒன்றாகச் செய்தால் எந்தப் படி பிழைத்தது என்று பிடிபடாது.

வளவுக்குள்

எங்கட ஊர் வீடொன்றை நினையுங்கள். மொடியூல் ஒரு வளவு, சுற்றிவர வேலி. புரொசீஜர்கள் உள்ளே இருக்கும் அறைகள். அறைக்குள் வைத்த சாமான் அந்த அறைக்கு மட்டும். முற்றத்தில் வைத்தது வளவில் உள்ள எல்லாருக்கும். ஆர்பிஜியில் புரொசீஜருக்குள் அறிவித்த மாறி அதற்குள்ளேயே நிற்கும். சோர்ஸின் தலைப்பகுதியில், எந்தப் புரொசீஜருக்கும் வெளியே அறிவித்தது மொடியூல் முழுவதற்கும் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் அறைக்குள் இருப்பதே வெல்லும்.

பிழை வருவது மறுபக்கத்தால். அறைக்குள் அறிவிக்க மறந்துபோகிறீர்கள், அதே பெயரில் முற்றத்தில் ஒன்று கிடக்கிறது. கொம்பைலர் சத்தம் போடாது, முற்றத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்ளும். முற்றத்தில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால்தான் ஆர்என்எஃப்7030 என்று, பெயர் அறிவிக்கப்படவில்லை என்று சொல்லும். அதனால் முற்றத்தைக் கூட்டி வெறுமையாக வைத்திருங்கள்.

இன்னும் சில: புரொசீஜருக்குள் புரொசீஜர் எழுத முடியாது. ஒரு புரொசீஜருக்குள் எழுதிய சப்ரூட்டீன் அதற்குள் மட்டும்தான். வெளியே முதன்மைப் பகுதியில் எழுதியதைப் புரொசீஜருக்குள்ளிருந்து கூப்பிட முடியாது. 01 முதல் 99 வரையான பழைய இண்டிகேட்டர்கள் (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறிகள்) மொடியூல் முழுவதற்கும் பொது, அவற்றை ஒரு அறைக்குள் பூட்டி வைக்க வழியே இல்லை. புரொசீஜருக்குள் அறிவித்த மாறி ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறக்கும், ஸ்டாட்டிக் என்று போட்டால் மட்டும் பழைய பெறுமதியோடு நிற்கும். முற்றத்து மாறிகளோ எப்போதும் நிற்பவை. சேர்விஸ் புரோகிராமில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். காலையில் ஒருவர் கூப்பிட்டு விட்டுப்போன மிச்சம், அதே வேலையில் (ஜொப்) பின்னேரம் வருகிறவருக்குத் தெரியும்.

படலை

ஜாவாவில் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு சொல் படித்திருப்பீர்கள். ஆர்பிஜியில் பிரைவேட் என்ற சொல்லே கிடையாது. சும்மா விட்டால் எல்லாம் வேலிக்குள்தான். புரொசீஜர் தொடங்கும் டிசிஎல்-ப்ரொக் வரியில் பெயருக்குப் பின் எக்ஸ்போர்ட் என்று ஒரு சொல் போட்டால்தான் அந்தப் புரொசீஜருக்குப் படலை, அதாவது வேலி வாசற்கதவு, திறக்கும். தம்பியின் இடறல் இதுதான். கூப்பிடுகிற மொடியூலில் புரோட்டோடைப், அதாவது பெயரையும் பராமீற்றர்களையும் மட்டும் சொல்லும் அறிவிப்பு, இருந்தது, அது போதுமென்று கொம்பைலர் விட்டுவிட்டது. கட்டும்போது பைண்டர் படலையைத் தேடியது, படலை இல்லை. சிபிடி5டி02 என்று செய்தி வந்தது. அதன் பொருள்: இந்தப் பெயருக்கு உரியதை எவரும் தரவில்லை.

எக்ஸ்போர்ட் போட்ட பிறகும் அதே செய்தி வந்தால் எழுத்தைப் பாருங்கள். ஆர்பிஜி தன் பெயர்களை இயல்பாகப் பெரிய எழுத்தில்தான் வெளியே காட்டும். எக்ஸ்ட்ப்ரொக் என்பதில் டிசிஎல்கேஸ் என்று போட்டால், நீங்கள் எழுதியபடியே சிறிதும் பெரிதுமாக வெளியே போகும். ஒரு பக்கம் அப்படிப் போட்டு மறுபக்கம் போடாவிட்டால் பைண்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

ஒரே புரோகிராமில் சேரும் இரண்டு மொடியூல்கள் ஒரே பெயரை எக்ஸ்போர்ட் செய்தால் பைண்டர் முறைப்பாடு செய்யும். வேலிக்குள் இருக்கும் பெயர்கள் எத்தனை மொடியூலில் ஒன்றுபோல இருந்தாலும் கவலையில்லை. அதனால் வெளியே போகும் பெயர்களுக்கு மட்டும் முன்னொட்டு வைப்பது என் பழக்கம்.

மாறிகளையும் எக்ஸ்போர்ட் செய்யலாம், மற்ற மொடியூல் இம்போர்ட் என்று எடுத்துக்கொள்ளும். இதை நான் படலை என்று சொல்லமாட்டேன், வேலிப் பொட்டு, களவாய் நுழைகிற ஓட்டை. யார் எப்போது புகுந்து எதை மாற்றினார்கள் என்று எந்தப் பதிவும் இராது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் அறிவித்திருக்கிறார்களா என்றுகூட எவரும் பார்ப்பதில்லை. பெறுமதி வேண்டுமென்றால் அதைத் திருப்பித் தரும் புரொசீஜர் ஒன்று எழுதுங்கள்.

பைண்டருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம், அதிக விலை கொடுக்க வைக்கிற இடம் இதுதான்.

எங்கள் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் 10 இடம்: 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். அட்டைசரி என்று ஒரு புரொசீஜர் வைத்துக்கொள்வோம். ஆர்பிஜியில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்கலாம், இங்கே வாசிப்புக்காகத் தமிழில் எழுதுகிறேன். அதன் பராமீற்றரை 12 இடமாக மாற்றி மொடியூலைத் திரும்பக் கொம்பைல் செய்கிறீர்கள். கூப்பிடுகிற புரோகிராமில் யாரோ கையால் எழுதிய புரோட்டோடைப் 10 இடம் என்றே இருக்கிறது. இரண்டும் தனித்தனியே பிழையின்றிக் கொம்பைல் ஆகும். பைண்டர் பெயரைப் பார்க்கும், பொருந்துகிறது, கட்டிவிடும்.

ஓடும்போது என்ன நடக்கும்? போவது பெறுமதி இல்லை, அது இருக்கும் இடத்தின் முகவரி. அட்டைசரி அந்த முகவரியிலிருந்து 12 எழுத்தை வாசிக்கும். முதல் 10 உங்களுடையது. மிச்சம் 2 பக்கத்தில் கிடக்கும் வேறு எதனுடையதோ. அங்கே வெற்றிடம் இருந்தால் எல்லாம் சரியாக ஓடும். இன்னொரு நாள் அங்கே இரண்டு இலக்கம் வந்து உட்காரும், நல்ல அட்டையைப் பிழை என்று சொல்லும். சோதனையில் ஒருநாளும் பிடிபடாது.

மருந்து ஒன்றுதான். புரோட்டோடைப்பை ஒரே ஒரு கொப்பி மெம்பரில் எழுதுங்கள். கூப்பிடுகிற எல்லா சோர்ஸிலும் அதைச் சேருங்கள். பலர் விடுவது இதற்கு அடுத்தது: புரொசீஜர் எழுதப்பட்ட சோர்ஸிலும் அதே மெம்பரைச் சேருங்கள். அப்போதுதான் கொம்பைலர் புரோட்டோடைப்பையும் உண்மையான புரொசீஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஆர்என்எஃப் என்று கத்தும். ஐபிஎம் ஐயின் 7.1 வெளியீட்டிலிருந்து ஒரே மொடியூலுக்குள் கூப்பிடும் புரொசீஜருக்குப் புரோட்டோடைப் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். அதைப் படித்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்கிற இடத்திலும் எடுத்துவிடாதீர்கள். அது வேலிக்குள் இருப்பவைக்கான சலுகை.

கொப்பியா, குறிப்பா

மொடியூலை நேரே புரோகிராமில் கட்டினால் அதன் பிரதி ஒன்று புரோகிராமுக்குள்ளேயே போய்விடும். பிறகு மொடியூலை மாற்றினால் அதைச் சேர்த்த ஒவ்வொரு புரோகிராமையும் அப்டேட் புரோகிராம் கட்டளையால் புதுப்பிக்க வேண்டும். சேர்விஸ் புரோகிராமாகச் செய்தால் பிரதி போகாது. இன்ன சேர்விஸ் புரோகிராமில் இத்தனையாவது புரொசீஜர் என்ற குறிப்பு மட்டும் போகும்.

வித்தியாசம் எவ்வளவு பெரிதென்று வற் வரி (பெறுமதி சேர் வரி) காட்டியது. 2022 ஜூனில் 8 இலிருந்து 12 வீதம், அதே வருடம் செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. விகிதத்தைக் கோடில் எழுதவே கூடாது, திகதியோடு கோப்பில் வைக்க வேண்டும் என்பீர்கள். சரிதான், பழைய புரோகிராம்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் அப்போது வேலை செய்த இடத்தில் வற்தொகை என்ற புரொசீஜர் சேர்விஸ் புரோகிராமில் இருந்தது. 18 ஆக மாற்றி, அப்டேட் செய்து, எல்லாம் சரி என்று படுத்தேன். ஒரே ஒரு அறிக்கை மட்டும் 15 இலேயே கணக்குப் போட்டது. இரண்டு நாள் சேர்விஸ் புரோகிராமையே புரட்டினேன். கடைசியில் அந்த அறிக்கையின் மொடியூலை டிஸ்ப்ளே மொடியூலில் போட்டு, இம்போர்ட் பட்டியலைத் திறந்தேன். வெளியிலிருந்து அது எடுக்கும் பெயர்கள் வரிசையாக வந்தன. வற்தொகை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதாவது அந்த மொடியூல் வற்தொகையை வெளியே தேடவே இல்லை. சோர்ஸின் அடியில், ஆயிரம் வரிக்குக் கீழே, யாரோ ஒரு காலத்தில் ஒட்டிவிட்ட பழைய வற்தொகை எக்ஸ்போர்ட் இல்லாமல் கிடந்தது. சொந்த வளவில் ஒரு பெயர் இருந்தால் ஆர்பிஜி படலைக்கு வெளியே எட்டியும் பார்க்காது. ஒட்டியவரைத் திட்டிக்கொண்டே மாற்ற வரலாற்றைப் பார்த்தேன். நான்தான்.

அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் முதல் வேலை டிஸ்ப்ளே மொடியூல்தான். எக்ஸ்போர்ட் பட்டியல் வளவு எதைத் தருகிறது என்று சொல்லும், இம்போர்ட் பட்டியல் எதைக் கேட்கிறது என்று சொல்லும். சோர்ஸை வாசித்து ஊகிப்பதைவிட இது கெதி.

சேர்விஸ் புரோகிராமுக்கு இரண்டாவது படலை

மொடியூலில் எக்ஸ்போர்ட் போட்டதோடு முடியாது. சேர்விஸ் புரோகிராமுக்குள் ஐந்து மொடியூல் இருக்கலாம், அவற்றின் படலைகள் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும். வெளியுலகத்துக்கு எவை தெரியவேண்டும் என்பதைத் தனியாக பைண்டர் சோர்ஸ் என்ற சின்னக் கோப்பில் எழுதவேண்டும். வாயால் வாசித்தால் இப்படி இருக்கும்:

ஸ்டார்ட் புரோகிராம் எக்ஸ்போர்ட், லெவல் கரண்ட்
எக்ஸ்போர்ட் சிம்பல் வற்தொகை
எக்ஸ்போர்ட் சிம்பல் அட்டைசரி
எண்ட் புரோகிராம் எக்ஸ்போர்ட்

மேற்கோள் குறி போடாமல் எழுதிய பெயரைப் பைண்டர் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும். டிசிஎல்கேஸ் பாவித்திருந்தால் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

கிரியேட் சேர்விஸ் புரோகிராம் இயல்பாக இந்தச் சோர்ஸைத்தான் தேடும். அது இல்லையென்று பிழை வந்ததும் புதியவர்கள் எக்ஸ்போர்ட் கட்டத்தில் 'ஓல்' என்று மாற்றிவிடுவார்கள். உடனே வேலை செய்யும். ஆறு மாதத்தில் ஒரு புரொசீஜரைச் சேர்ப்பீர்கள், அடுத்த நாள் காலை பழைய புரோகிராம்கள் எல்லாம் எம்சிஎச்4431 என்று விழும். அந்தச் செய்தி கையொப்பம் பொருந்தவில்லை என்கிறது. வெளியே தெரியும் பெயர்களையும் அவற்றின் வரிசையையும் வைத்துப் பைண்டர் ஒரு கையொப்பம் செய்கிறது. புரோகிராம் கட்டப்பட்ட நாளில் அந்தக் கையொப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. ஓடத் தொடங்கும்போது அது சேர்விஸ் புரோகிராமில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

எனவே புதிய புரொசீஜர் சேர்க்கும் முறை: பழைய தொகுதியை, அதாவது ஸ்டார்ட் வரியிலிருந்து எண்ட் வரிவரை உள்ளதை, அப்படியே பிரதி எடுத்து அதன் லெவலைப் பிரீவியஸ் ஆக்குங்கள். கரண்ட் தொகுதியில் புதிய பெயரைக் கடைசியில் சேருங்கள். இப்போது சேர்விஸ் புரோகிராமிடம் இரண்டு கையொப்பம் இருக்கும், பழையவர்களும் உள்ளே வரலாம். நடுவில் செருகக் கூடாது, அகரவரிசைப்படுத்தி அழகுபார்க்கவும் கூடாது. சிலர் கையொப்பத்தைத் தாங்களே ஒரு சொல்லாக எழுதி நிரந்தரமாக்கிவிடுவார்கள், நானும் அதைத்தான் செய்கிறேன், தொகுதி ஒன்றோடு நிற்கும். ஆனால் அப்போது காவல்காரன் இல்லை. நடுவில் ஒன்றைச் செருகினால் பழைய புரோகிராம் இரண்டாவதைக் கேட்கும், இரண்டாவதாக இப்போது வேறொன்று இருக்கும், அது ஓடும். வற்தொகை கேட்ட இடத்தில் அட்டைசரி ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பராமீற்றரை மாற்றினால் கையொப்பம் மாறாது. மேலே சொன்ன 10, 12 கதை இங்கேயும் அப்படியே நடக்கும், எம்சிஎச் வந்து காப்பாற்றாது. உருவம் மாறுகிறதென்றால் புதுப் பெயரில் புதுப் புரொசீஜர் எழுதி, பழையதைப் பழையவர்களுக்கு விட்டுவிடுங்கள். அல்லது புதிய பராமீற்றரைக் கடைசியில், தராமலும் விடலாம் என்ற நோபாஸ் விருப்பத்தோடு சேருங்கள்.

கட்டும்போது

ஒவ்வொரு முறையும் சேர்விஸ் புரோகிராம்களின் பெயரை அடிக்காமல் இருக்க பைண்டிங் டிரெக்டரி ஒன்று செய்து அதில் அவற்றைப் பதிந்துவையுங்கள். கன்ட்ரோல் வரியில் அதன் பெயரைக் கொடுத்தால் போதும். பட்டியலில் இருப்பதெல்லாம் புரோகிராமில் சேராது, தேவைப்பட்ட பெயரைத் தருவது மட்டும்தான் சேரும். ஒரே பெயரைத் தரும் இரண்டு சாமான் பட்டியலில் இருந்தால் எது சேர்ந்தது என்று டிஸ்ப்ளே புரோகிராமில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தீராத பெயர் இருந்தாலும் கட்டிவிடு என்று ஒரு விருப்பம் கட்டளையில் இருக்கிறது. பிழைச்செய்தி போய்விடும், பிழை போகாது. அந்தப் பெயரைக் கூப்பிடும் வரியில் ஓடும்போது விழும்.

எல்லாம் சரி, ஆனால் மாற்றம் தெரியவில்லையா? நீங்கள் புதிதாகக் கட்டும்போது பழைய சேர்விஸ் புரோகிராமை இயந்திரம் அழிப்பதில்லை, கியூஆர்பிஎல்ஒப்ஜே என்ற லைப்ரரிக்கு நகர்த்திவிடும். அதை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் வேலைகள் பழையதையே தொடர்ந்து பாவிக்கும். உங்கள் திரையும் அப்படி ஒரு வேலைதான். தம்பிக்கு எக்ஸ்போர்ட் போட்டுக் கட்டி முடித்தது பதினொன்றேகாலுக்கு. அடுத்த அழைப்பு பதினொன்றரைக்கு.

"அண்ணை, கணக்கை மாத்திப் போட்டன், இன்னும் பழைய விடைதான் வருகுது."

"சைன் ஓஃப் பண்ணிட்டு வா."